பாத்திரச் சமநிலையும் ஆடுமுறையும்

நால்வர் ஐவர் ஒரு மேசையைச் சூழ்ந்து அமர்ந்து, ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை ஏற்று, நடுவர் எடுத்துரைக்கும் சூழலுக்கேற்ப அப்பாத்திரத்தின் செயலை வாய்மொழியாற் கூறி, பகடை உருட்டி ஆடும் விளையாட்டு இலக்கிய ஆராய்ச்சிக்குரிய பொருளாகுமோ எனச் சிலர் ஐயுறக்கூடும். மாந்தர், அவர்தம் கூற்று, நிகழ்ச்சிக் கோப்பு ஆகிய மூன்றும் அதன்கண் அமைந்துள்ளமையானும், அவற்றை ஆளும் விதிகள் நூல்வடிவில் எழுதப்பெற்று அரை நூற்றாண்டாகத் திருத்தமுற்று வருகின்றமையானும், அதனை ஆராய்தல் தகும் என்பது எம் துணிபு. ஈண்டு யாம் எடுத்துக்கொள்வது ஒரே வினா. பாத்திரங்கள் வலிமையால் ஒத்திருத்தல் வேண்டும் என்பர் ஒரு சாரார். அது வேண்டுவதன்று, நடுவர் நல்லவராயின் எல்லாம் செவ்வனே நடைபெறும் என்பர் மற்றொரு சாரார். முன்னவர் சமநிலையை விதிநூலின் எண்களுக்குள் தேடுகின்றனர். பின்னவர் அதனை ஒருவரது நற்பண்பின்பால் ஒப்படைத்துவிடுகின்றனர். இரண்டும் எமக்கு உடன்பாடல்ல. விதியும் ஆடுமுறையும் பொருந்துமிடத்தேதான் சமநிலை தோன்றுகின்றது. ஆடுமுறை மாறியபின் பழைய விதியைக் குறைகூறுதலும், பழைய ஆடுமுறையைக் கைவிட்டபின் அதன் விதியை மட்டும் போற்றுதலும் ஒருங்கே பிழையாம். இதனை டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்னும் விளையாட்டின் பதிப்பு வரலாற்றைக்கொண்டு காட்ட முற்படுவோம்.

இவ்வகை ஆட்டம் சிறுபடிமங்களைக்கொண்டு ஆடும் போர் விளையாட்டிலிருந்து பிறந்தது. அமெரிக்க நாட்டு மினசோட்டா மாநிலத்தில் டேவிட் வெஸ்லி என்பார் 1969ஆம் ஆண்டு பிரவுன்ஸ்டைன் என்னும் கற்பனை ஊரை நிலைக்களமாகக் கொண்டு நடத்திய ஆட்டத்தில், படைகளுக்குப் பதிலாகத் தனி மாந்தரை ஆடுவோர்க்குப் பகிர்ந்தளித்தார். அவ்வட்டத்தைச் சேர்ந்த டேவ் ஆர்னெசன் பிளாக்மூர் என்னும் தம் தொடராட்டத்தை வளர்த்தார். விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவாவில் வாழ்ந்த கேரி கைகாக்ஸ், ஜெஃப் பெரன் என்பாருடன் இணைந்து 1971இல் செயின்மெயில் என்னும் போர்விதி நூலை வெளியிட்டிருந்தார். ஆர்னெசனும் கைகாக்ஸும் கூடி இயற்றிய மூன்று சிறு நூல்கள் 1974இல் ஒரு பெட்டியில் அடங்கி ஆயிரம் படிகளாக வெளிவந்தன. மறவன், மந்திரவாதி, குரு என மூவகைப் பாத்திரங்களே அவற்றில் உள. கள்வன் என்னும் நான்காம் வகை 1975இல் வந்த கிரேஹாக் என்னும் துணைநூலிற் சேர்ந்தது.

இம்முதல் நூல் சமநிலையற்றது என்பது பலரும் கூறும் குற்றச்சாட்டு. அதற்குச் சான்று காட்டல் எளிது. முதற்படியில் நிற்கும் மந்திரவாதி கவசம் அணியலாகாது. குறுவாளன்றிப் பிற படைக்கலம் ஏந்தலாகாது. நாளொன்றுக்கு ஒரே ஒரு மந்திரத்தை ஒருமுறை மட்டும் ஏவலாம். அதனை ஏவியபின் அவன் விளக்கேந்தி நடக்கும் ஏவலாளனினும் மேம்பட்டவனல்லன். உயர்ந்த படிகளை எய்திய மந்திரவாதியோ தீயுருண்டையும் மின்னற்கோலும் வீசி ஒரு படையையே அழிக்க வல்லவன். அப்பொழுது மறவன் முதல் நாளில் செய்ததையே சற்று மிகுதியாகச் செய்துகொண்டிருப்பான். தொடக்கத்தில் ஒருவர்க்கு இழுக்கு, முடிவில் மற்றொருவர்க்கு இழுக்கு. இஃது எங்ஙனம் சமநிலையாகும் என்பது வினா.

இதற்கு வழக்கமாக விடையிறுப்போர் பட்டறிவுப் புள்ளிகளின் அட்டவணையைச் சுட்டுவர். ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு ஏறப் பாத்திரம் ஈட்டவேண்டிய புள்ளி வகைதோறும் வேறுபட்டது. மந்திரவாதி மிகுதியாக ஈட்டவேண்டியிருந்தமையால் அவன் வலிமைக்கு விலை கொடுத்தான் என்பது அவர் கருத்து. இது நூலை நோக்காது நினைவினின்று சொல்லும் கருத்து என்றே யாம் கருதுகின்றோம். 1974ஆம் ஆண்டு நூலின்படி இரண்டாம் படிக்கு மறவன் 2,000 புள்ளியும் மந்திரவாதி 2,500 புள்ளியும் பெறவேண்டும். ஆறாம் படிக்கு முறையே 32,000, 35,000. இதுகாறும் அவர் கூறுவது பொருந்தும். ஏழாம் படியிலோ நிலை தலைகீழாகின்றது. மறவனுக்கு 64,000 வேண்டும். மந்திரவாதிக்கு 50,000 போதும். ஒன்பதாம் படிக்கு மறவன் 2,40,000 தேடவேண்டியிருக்க, மந்திரவாதி 1,00,000 புள்ளியோடு அங்கு வந்து அமர்ந்துவிடுகின்றான். அவன் வலிமை பெருகத் தொடங்கும் இடத்திலேயே விலையும் குறைகின்றது! ஆகவே அட்டவணை சமன் செய்தது என்னும் கொள்கை நில்லாது.

பின் எது சமன் செய்தது? அந்நூல் எவ்வகை ஆட்டத்தை எண்ணி எழுதப்பட்டது என்பதை நோக்குதல் வேண்டும். ஒரு தொடராட்டத்தில் நால்வர் முதல் ஐம்பதின்மர் வரை ஆடலாம் என்றும், இருபதின்மர்க்கு ஒரு நடுவர் என்னும் அளவு ஏற்றது என்றும் அது கூறுகின்றது. இன்று ஐவர் ஆடும் மேசையை மட்டும் கண்டவர்க்கு இவ்வெண் வியப்பளிக்கும். அத்துணைப் பேரும் ஒரே இரவில் கூடுவதில்லை. வருவோர் வருவர், வந்தவரிற் சிலர் குகையில் மடிவர், மடிந்தவர் மறுபடியும் ஆறு பண்புகளுக்கு மும்மூன்று பகடை உருட்டிப் புதிய பாத்திரத்தோடு தொடங்குவர். இத்தகைய ஆட்டத்தில் மந்திரவாதியாக ஆடுதல் ஒருவகைப் பந்தயம். பத்து மந்திரவாதிகள் குகையுட் புகின் எத்துணையர் தீயுருண்டை வீசும் நாளைக் காண்பர்? உயர்படியிற் பெறும் பேராற்றல், கீழ்ப்படியிற் பலர் மடிந்ததன் விலை. மேனிலை மந்திரவாதி எல்லாரினும் வலியன் எனினும் அவன் ஏறும் வழி நெடியது, மறவர் காவாவிடின் பிழைத்தல் அரிது என்னும் பொருள்பட அந்நூலே ஓரிடத்திற் கூறுதலின், ஏற்றத்தாழ்வை ஆசிரியர் அறியாமற் செய்தனர் என்பதும் பொருந்தாது.

மற்றொன்று மறவன் பக்கத்தது. இதனை ஆராய்ந்தோர் மிகக் குறைவாகவே பேசியுள்ளனர். எனினும் இதுவே தலையாயது என்பது எம் கருத்து. உயர்படியை அடைந்த மறவன் கோட்டை கட்டி நிலத்தை ஆண்டு வருவாய் பெறலாம் என்று 1974ஆம் ஆண்டு நூல் விதித்தது. 1978இல் வெளியான விரிந்த நூலின்படி ஒன்பதாம் படியில் கோட்டை அமைத்த மறவனை நாடிப் படைவீரர் கூட்டமாக வந்து சேர்வர். மந்திரவாதி கோட்டை கட்டினும் படை அவ்வாறு வந்து சேர்வதில்லை. ஆகவே மேற்படிகளில் மறவன் ஒரு தனியாள் அல்லன். அவன் ஒரு குறுநில மன்னன். ஒருபால் தனி மனிதனாய் நின்று மின்னல் வீசும் மந்திரவாதி, மற்றொருபால் நூற்றுக்கணக்கானோர்க்கு ஆணையிடும் தலைவன் என்னும் இரண்டும் ஒப்பிடத்தக்கன. போர் விளையாட்டிலிருந்து வந்த ஆடுவோர்க்குப் படைநடத்துதல் பழகிய தொழில். எனவே அவர் இதனைக் குறையாகக் கண்டிலர்.

இனி ஆடுமுறை மாறிய வரலாற்றைக் காண்போம். ஆடுவோர் ஒரே தன்மையர் அல்லர் என்பது 1980ஆம் ஆண்டளவிலேயே உணரப்பட்டது. அவ்வாண்டு டிஃபரன்ட் வேர்ல்ட்ஸ் என்னும் இதழில் கிளென் பிளாக்கோ எழுதிய கட்டுரை, பாத்திரத்தின் ஆற்றலைப் பெருக்குதல், போர்த்திறம் காட்டுதல், பாத்திரமாகவே வாழ்தல், கதை நிகழ்த்தல் என ஆட்டத்தை நான்காகப் பகுத்தது. இவற்றுள் பின்னிரண்டும் நாளடைவில் மேலோங்கின. பாத்திரத்திற்கு வரலாறும் குடும்பமும் நோக்கமும் எழுதப்பட்டன. அவ்வாறு எழுதப்பட்ட பாத்திரம் மூன்றாம் அறையிற் பாம்பு தீண்டி மடிதல் எவர்க்கும் உவப்பாயிராது. 1984இல் வெளிவரத் தொடங்கிய டிராகன்லேன்ஸ் ஆட்டத் தொடரின் முதல் நூல் இம்மாற்றத்துக்கு நல்ல சான்று. கதைக்கு இன்றியமையாத மாந்தர் இறக்க நேரின், அவ்விறப்பு ஐயத்துக்கு இடமாய் உடல் கிடையாதவாறு நிகழ்தல் வேண்டும். பின்னர் அவர் மீண்டு வருதற்கு வழியிருத்தல் வேண்டும் என்று அது நடுவர்க்கு அறிவுறுத்தியது. காவியத் தலைவனைப் பாதியில் கொல்லலாகாது என்னும் புலவன் நெறி விளையாட்டுள் நுழைந்தது.

இந்நெறி தவறு என்று யாம் கூறவில்லை. ஆயின் அது நுழைந்த அன்றே மந்திரவாதியின் பந்தயம் பந்தயமாக இல்லாதொழிந்தது. அவன் இறவான் என்பது உறுதியாயின், உயர்படி அவனுக்குக் காலத்தாற் கிடைக்கும் உரிமையாகின்றது. மறவனுக்கோ நிலமும் படையும் கிடைக்கும் நாள் வருவதில்லை. நண்பர் நால்வர் உலகத்தைக் காக்கப் புறப்பட்ட கதையில் ஒருவன் மட்டும் கோட்டையில் அமர்ந்து வரிக்கணக்குப் பார்த்தல் இயலாதன்றோ? ஒருவனது இடர் நீங்கிற்று. மற்றவனது செல்வமும் நீங்கிற்று. விதிநூலின் ஓர் எழுத்தும் மாறாமலே சமநிலை குலைந்தது.

2000ஆம் ஆண்டு ஜொனாதன் ட்வீட், மான்ட்டி குக், ஸ்கிப் வில்லியம்ஸ் ஆகிய மூவர் இயற்றிய மூன்றாம் பதிப்பு, குலைந்ததை விதியாகவே எழுதிவிட்டது. எல்லா வகையினர்க்கும் ஒரே பட்டறிவு அட்டவணை அமைந்தது. முன்னைப் பதிப்பில் மந்திரம் ஓதும்பொழுது அடிபட்டால் அம்மந்திரம் கெடும். இதில் மன ஒருமைப்பாட்டுக்குப் பகடை உருட்டித் தப்பலாம். முன்னர்ப் புது மந்திரம் கற்றல் அறிவுப் பண்பின் அளவுக்கேற்ப வாய்த்தும் வாய்க்காமலும் போகும். இதில் படிதோறும் தான் விரும்பிய மந்திரம் இரண்டைப் பெறலாம். கோட்டை கட்டிய மறவனை நாடிவரும் படை மறைந்தது. போதாக்குறைக்கு, மறவனுக்குரிய திறன்களின் பட்டியலில் ஏறுதல், தாண்டுதல், நீந்துதல், குதிரையேற்றம் போன்றன உளவேயன்றிக் கூர்ந்து நோக்குதலும் உற்றுக் கேட்டலும் இல. இரவிற் காவல் நிற்பவன் யாவன் என்பதை அந்நூலாசிரியர் எண்ணிப் பார்த்தனரோ என ஐயுறுகின்றோம். ஒவ்வொரு மாற்றமும் தனித்து நோக்குழி நியாயமானதே. அட்டவணை எளிமையாயிற்று, மந்திரவாதியின் மனக்குறை தீர்ந்தது. கூட்டி நோக்குழித்தான் குறை புலனாகும்.

இப்பதிப்பை ஆடிய இளையோர் ஐவரின் மேசையருகே ஒரு மாலைப்பொழுது யாம் அமர்ந்திருந்தோம். பாத்திரங்கள் பத்தாம் படியை அணுகியிருந்தன. மதில் குறுக்கிட்டது, மந்திரவாதி பறந்தான். கதவு பூட்டியிருந்தது, மந்திரவாதி ஒரு சொல்லால் திறந்தான். வாயிற்காவலன் வினவினான், மந்திரவாதி அவனை மயக்கினான். மறவனாக ஆடிய இளைஞர் முதல் ஒரு மணி நேரம் ஒவ்வொரு முறையும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பின்னர்த் தம் தாளின் ஓரத்தில் படம் வரையலானார். போர் வந்தபொழுது இருமுறை பகடை உருட்டினார். ஆட்டம் முடிந்தபின் எப்படியிருந்தது என வினவினோம். “என் ஆளுக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை ஐயா” என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அடுத்த கிழமை அவர் வரவில்லை என்று பின்னர் அறிந்தோம். நடுவராக இருந்தவர் திறமையற்றவர் அல்லர், தீயவரும் அல்லர். மந்திரவாதியாக ஆடியவரும் தம் தாளில் உள்ளதையே செய்தார்.

இங்கே குறைந்தது யாது? வலிமை எனின் அது முழு விடையாகாது. நம் அகப்பொருள் இலக்கணம் பயின்றோர்க்கு இதனை விளக்குதற்கு ஒரு சொல் கைவசம் உண்டு: கூற்று. தொல்காப்பியர் செய்யுளியலில் களவினும் கற்பினும் இன்னார் கூற்றுக்குரியர் என வரையறுக்கின்றார். தோழி குடும்பத்தில் அதிகாரம் உடையவள் அல்லள். எனினும் அவளுக்குக் கூற்று உண்டு. தந்தைக்கும் தமையனுக்கும் அதிகாரம் உண்டு, கூற்று இல்லை, அவர்தம் சொல் பிறர் வாயிலாக எடுத்துமொழியப்படுவதேயாம். வலிமை வேறு, கூற்றுரிமை வேறு என்னும் இவ்வேறுபாட்டை விளையாட்டுக்குப் பொருத்திக் காண்க. நூலில் வரும் மாந்தர் கற்பனையே ஆதலின் கூற்றற்ற தந்தைக்கு வருத்தம் இல்லை. மேசையிலோ ஒவ்வொரு பாத்திரத்தின் பின்னும் உயிருள்ள ஒருவர் தம் மாலைப்பொழுதைக் கொடுத்து அமர்ந்திருக்கின்றார். சமநிலை பாத்திரத்துக்குச் செய்யும் நீதியன்று. ஆடுவோர்க்குச் செய்யும் நீதி. அவர்க்கு வேண்டுவது ஒத்த வலிமையன்று. தாம் சொல்வது நிகழ்ச்சியைத் திருப்பும் என்னும் உரிமை. படம் வரைந்த இளைஞர் இழந்தது அதனையே.

நடுவர் திருத்திக்கொள்வர் என்பார்க்கு இங்கு ஒரு விடை கூறவேண்டும். மறவனுக்காக வாரந்தோறும் ஒரு மந்திர வாளையோ மந்திரம் செல்லாத அறையையோ வைக்கும் நடுவர் உண்மையில் விதிநூலின் குறையை நிரப்பிக்கொண்டிருக்கின்றார். அவர் செய்வது போற்றத்தக்கதே. ஆயின் உரையாசிரியர் நயம்பட விளக்கியதனாலேயே நூற்பாவின் குற்றம் குற்றமன்று என்று ஆகிவிடுமோ?

2008இல் வந்த நான்காம் பதிப்பு குறையை நேர்நின்று தீர்க்க முற்பட்டது. எவ்வகைப் பாத்திரமாயினும் எப்பொழுதும் செய்வன, ஒரு மோதலுக்கு ஒருமுறை செய்வன, நாளொன்றுக்கு ஒருமுறை செய்வன என மூவகைச் செயல்களை ஒத்த அளவிற் பெற்றது. மறவனுக்கும் நாளுக்கொரு பெருஞ்செயல் உண்டு. மந்திரவாதிக்கும் ஓயாது ஏவும் சிறு மந்திரம் உண்டு. காப்போன், தாக்குவோன், துணைநிற்போன், களத்தை அடக்குவோன் எனத் தொழிலும் வகுக்கப்பட்டது. எல்லாப் பாத்திரமும் ஒன்றுபோல் ஆயின என்று அப்பதிப்பைப் பலர் பழித்தனர். அப்பழி பாதி உண்மை. உண்மையாகிய பாதி, ஒரே யாப்பில் அமைந்த பாக்கள் கண்ணுக்கு ஒன்றுபோல் தோன்றும் என்பதே. ஆடிப் பார்த்தவர்க்கு மறவனும் மந்திரவாதியும் களத்தில் வெவ்வேறாகவே இயங்கினர். எம் குறை வேறு. அப்பதிப்பு கூற்றுரிமையைப் போர்க்களத்தில் ஒப்பப் பங்கிட்டது. களத்துக்குப் புறத்தே மிகுதியும் பழையபடியே விட்டது. போரையே விரும்பும் மேசைக்கு அஃது இன்றும் செம்மையான நூல். பேச்சும் சூழ்ச்சியுமாக ஆடும் மேசைக்கு அது தந்த சமநிலை, உண்ணாதவர்க்கு இட்ட விருந்து போன்றதாயிற்று.

2014ஆம் ஆண்டின் ஐந்தாம் பதிப்பு மீண்டும் காலத்தை நாடியது. மறவன் ஒரு மணி நேரச் சிற்றோய்வில் தன் சிறப்பாற்றல்களை மீளப் பெறுவான். மந்திரவாதி பெரும்பான்மையும் எட்டு மணி நேர நெட்டோய்வுக்குக் காத்திருப்பான். ஒரு நெட்டோய்வுக்கும் மற்றொன்றுக்கும் இடையே ஆறு முதல் எட்டு மோதல்கள் நிகழ்தல் கூடும் என அவ்வாண்டின் நடுவர் நூல் கணக்கிட்டது. அவ்வாறு நிகழ்ந்தால் மறவன் பின்தங்கான். கதையை விரும்பும் மேசையில் ஒரு நாளைக்கு ஒரு மோதல், மிஞ்சினால் இரண்டு. ஆதலின் மந்திரவாதி தன் நாள்முழுச் செல்வத்தையும் ஒரே மோதலிற் செலவிடுகின்றான். 1974இல் ஐம்பதின்மரை எண்ணி எழுதிய விதி ஐவரிடம் கெட்டாற்போல, எட்டு மோதலை எண்ணி எழுதிய விதி ஒன்றினிடம் கெடுகின்றது. வேறுபாடு என்னையெனின், பழைய ஆசிரியர் தாம் எண்ணிய ஆடுமுறையிலேயே தாமும் ஆடினர். பின்னைய நூல் பலவகை ஆடுமுறையையும் வரவேற்றுக்கொண்டே, கணக்கை மட்டும் ஒன்றற்கு வைத்தது.

புள்ளிகளை விலையாகக் கொடுத்து ஆற்றலை வாங்கும் முறை 1981இல் சாம்பியன்ஸ் என்னும் விளையாட்டாற் பரவியது. விலை ஒன்றாயினும் பயன் ஆடுமுறையைப் பொறுத்ததே ஆதலின் அதனை விரித்தல் வேண்டா. எம் கருத்துக்கு ஆக்கந்தருவன ஏற்றத்தாழ்வை ஒளிக்காது ஒப்புக்கொண்ட விளையாட்டுக்கள். 2002இல் வெளியான பஃபி என்னும் விளையாட்டில் வீரரும் அவர்தம் எளிய தோழரும் ஒரே மேசையில் ஆடுவர். வலிமை பெரிதும் வேறு. ஆயின் நிகழ்ச்சியைத் தம் பக்கம் திருப்பும் நாடகப் புள்ளி வீரர்க்குப் பத்து, தோழர்க்கு இருபது. கூற்றுரிமையை எண்ணால் அளந்து கொடுத்த நூல் இஃது எனலாம்.

இதனினும் துணிவுடையது 1987இல் ஜொனாதன் ட்வீட், மார்க் ரெயின் ஹேகன் ஆகிய இருவரும் இயற்றிய ஆர்ஸ் மாஜிகா. அதன்கண் மந்திரவாதி எல்லாரினும் வலியன் என்பது தொடக்கத்திலேயே ஒப்புக்கொள்ளப்பட்டது. அவனுக்கு அடுத்த நிலையில் தோழர். அவர்க்குக் கீழே காவலரும் ஏவலருமாகிய எளியோர். ஆயின் ஆடுவோர் ஒருவர்க்கு ஒரு பாத்திரம் என்னும் கட்டு அங்கில்லை. ஒவ்வொருவர்க்கும் ஒரு மந்திரவாதியும் ஒரு தோழனும் உண்டு. எளியோர் எல்லார்க்கும் பொது. இன்று ஒருவரது மந்திரவாதி புறப்பட்டால் மற்றவர் தோழராயும் காவலராயும் உடன் செல்வர். நாளை முறை மாறும். நடுவர் பொறுப்பும் கைமாறலாம். பாத்திரம் ஒவ்வாதிருக்க ஆடுவோர் ஒத்திருக்கின்றனர். எவ்வாறு ஆடினால் இவ்வேற்றத்தாழ்வு இன்பம் பயக்கும் என்பதும் அந்நூலிலேயே விதியோடு விதியாக எழுதப்பட்டிருக்கின்றது. அதனை எழுதிய ட்வீட்டே பதின்மூன்றாண்டு கழித்து வெளிவந்த மூன்றாம் பதிப்பின் ஆசிரியர் மூவருள் ஒருவர். மந்திரவாதி எல்லாரினும் வலியனாதல் அங்கும் உண்டு. முறை மாறி ஆடுதல் மட்டும் அங்கு எழுதப்படவில்லை.